மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி: கிளார்க் கெர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளார்க் கெர் யார்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

அமெரிக்கப் பொருளாதார அறிஞர். தொழிலாளர் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் நடுவராகப் பெயர் எடுத்தவர். 1952 முதல் 1958 வரை பெர்க்லி வளாகத்தின் சான்சலர், 1958 முதல் 1967 வரை கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் தலைவர். கலிஃபோர்னியாவில் உயர்கல்வி எப்படி நடக்க வேண்டும் என்று 1960இல் வகுக்கப்பட்ட மாஸ்டர் பிளானின் முதன்மைச் சிற்பி. 1964இல் மாணவர்கள் அவரை அதிகாரத்தின் கையாள் என்றார்கள். 1967இல் வலதுசாரிகள் அவரை மாணவர்களுக்கு இடம் கொடுத்துக் கெடுத்தவர் என்று சொல்லி வேலையைவிட்டு நீக்கினார்கள். இந்த இரண்டு குற்றச்சாட்டும் ஒரே ஆள் மேல், மூன்றே ஆண்டு இடைவெளிக்குள் விழுந்தன. அவரைப் பற்றி எழுதத் தோன்றியதற்குக் காரணமே இதுதான்.

சான்சலர், தலைவர்... எது பெரிய பதவி? நம் ஊரில் வேந்தர் என்றால் ஆளுநர் அல்லவா?

அங்கே கணக்கு வேறு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் என்பது பல வளாகங்களின் தொகுப்பு. ஒவ்வொரு வளாகத்தையும் நடத்துபவர் சான்சலர். நம் துணைவேந்தர் செய்யும் வேலை ஏறக்குறைய அது. எல்லா வளாகங்களுக்கும் மேலே இருப்பவர் தலைவர். அவருக்கும் மேலே ரீஜென்ட்கள் என்ற ஆட்சிக்குழு. தலைவரை நியமிப்பதும் நீக்குவதும் அந்தக் குழு. மாநில ஆளுநர் பதவி வழியாக அந்தக் குழுவில் உறுப்பினர். ஆனால் அங்கே ஆளுநர் என்பவர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர், நம் முதலமைச்சரைப் போல. பின்னால் வரும் ரீகன் விவகாரத்தைப் படிக்கும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

எப்படிப்பட்ட குடும்பத்திலிருந்து வந்தவர்?

1911 மே 17 அன்று பென்சில்வேனியா மாநிலத்தின் ஸ்டோனி க்ரீக் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா படித்தவர், பல மொழி அறிந்தவர், ஆப்பிள் தோட்டம் வைத்திருந்தவர். அம்மா தொப்பி தைத்து விற்றவர், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். பிறக்கப்போகும் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பப் போதிய பணம் சேரும்வரை கல்யாணம் செய்துகொள்ள மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தாராம் அந்த அம்மாள். பிற்காலத்தில் மகன் ஒரு மாநிலத்தின் பிள்ளைகளுக்கெல்லாம் கல்லூரியில் இடம் ஒதுக்கித் திட்டம் போட்டதைப் பார்க்கும்போது, அந்த வீட்டுப் பிடிவாதம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரிகிறது.

ஸ்வார்த்மோர் கல்லூரியில் படித்து 1932இல் பட்டம் பெற்றார். அது குவேக்கர்கள் தொடங்கிய கல்லூரி. சண்டையை வெறுக்கும், சபையில் எல்லோரும் ஒத்துக்கொள்ளும்வரை பேசித் தீர்க்கும் அந்த மதக்குழுவில் அங்கேதான் சேர்ந்தார். பிறகு ஸ்டான்ஃபோர்டில் முதுகலை. 1939இல் பெர்க்லியில் பொருளாதார முனைவர் பட்டம்.

பொருளாதாரப் பேராசிரியர் எப்படி நிர்வாகி ஆனார்?

வழி தகராறுகளின் வழியாகவே போனது. 1933இல் கலிஃபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் பருத்தி பறிக்கும் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். பிக்ஸ்லி என்ற ஊரில் தோட்டக்காரர்கள் தரப்புத் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். பேராசிரியர் பால் டெய்லரிடம் படித்துக்கொண்டிருந்த இளைஞர் கெர், அங்கே போய் இரு தரப்பிலும் பேசி விவரம் சேகரித்தார். ஒரே சம்பவத்தை இரண்டு கூட்டம் இரண்டு உலகமாகப் பார்ப்பதை அவர் முதலில் கண்டது அங்கேதான்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியபடியே போர்க்காலத் தொழிலாளர் வாரியத்துக்காக ஊதியத் தகராறுகளைக் கவனித்தார். 1945இல் பெர்க்லி திரும்பி, புதிதாகத் தொடங்கிய தொழிலுறவு ஆய்வு நிறுவனத்தின் முதல் இயக்குநர் ஆனார். மேற்குக் கரைத் துறைமுகத் தொழிலாளர்களுக்கும் கப்பல் நிறுவனங்களுக்கும் இடையில் நடுவராக இருந்தார். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் அதைவிடக் கரடுமுரடான பஞ்சாயத்து அதிகம் கிடையாது.

எதிரெதிரே உட்காரும் இரண்டு பேருக்கும் உள்ளுக்குள் ஒரு விலை இருக்கிறது, பொறுமையாகப் பேசினால் அது வெளியே வரும் என்பது அவர் நம்பிக்கை. வாழ்நாள் முழுக்க அந்த நம்பிக்கை அவருக்குக் கைகொடுத்தது. ஒரே ஒரு முறை கைவிட்டது. அதற்கு வருகிறேன்.

'விசுவாச உறுதிமொழி' விவகாரத்தில் அவர் பங்கு என்ன?

1949இல், கம்யூனிஸ்ட் பயம் உச்சத்தில் இருந்தபோது, ஆசிரியர்கள் எல்லோரும் தாங்கள் கம்யூனிஸ்ட் இல்லை என்று உறுதிமொழி எழுதித் தர வேண்டும் என்று ரீஜென்ட்கள் உத்தரவிட்டார்கள். கெர் கையெழுத்துப் போட்டார். ஆனால் கையெழுத்துப் போட மறுத்தவர்களை வேலையைவிட்டு அனுப்பக் கூடாது என்று ஆசிரியர் குழுவின் சார்பில் ரீஜென்ட்கள் முன்னால் வாதாடினார். வாதம் எடுபடவில்லை. 1950இல் 31 ஆசிரியர்கள் நீக்கப்பட்டார்கள். 1952இல் மாநில உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்ப எடுக்கச் சொன்னது.

தானும் மறுத்திருந்தால் வீரர் ஆகியிருப்பார், வேலையும் போயிருக்கும். அவர் தேர்ந்தெடுத்தது உள்ளே இருந்து பேசும் வழி. ஆசிரியர்கள் அதை மறக்கவில்லை. 1952இல் பெர்க்லிக்கு முதன்முறையாகச் சான்சலர் பதவி உருவானபோது அவர் பெயர் முன்னுக்கு வந்தது அந்த நம்பிக்கையால்தான்.

மாஸ்டர் பிளான் என்கிறார்களே, அது என்ன?

போருக்குப் பின் பிறந்த பெரும் தலைமுறை 1960களில் கல்லூரி வாசலுக்கு வரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கலிஃபோர்னியாவில் அப்போது மூன்று வகை அரசு நிறுவனங்கள்: ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம், மாநிலக் கல்லூரிகள், இரண்டு ஆண்டுப் படிப்புத் தரும் ஜூனியர் கல்லூரிகள். மூன்றும் ஒன்றோடொன்று போட்டி. ஒவ்வொரு சட்டமன்ற உறுப்பினரும் தன் தொகுதியில் ஒரு கல்லூரி வேண்டும் என்று மசோதா கொண்டுவந்துகொண்டிருந்தார். மாநிலக் கல்லூரிகளோ முனைவர் பட்டம் தரும் உரிமையைக் கேட்டன. அதைக் கொடுத்துவிட்டால் பல்கலைக்கழகத்தின் தனி அடையாளம் போய்விடும் என்பது கெரின் கவலை.

ஆக்சிடென்டல் கல்லூரித் தலைவர் ஆர்தர் கூன்ஸ் தலைமையில் குழு அமைந்தது. பேச்சு பலமுறை முறியும் நிலைக்குப் போனது. கடைசியில் வந்த ஏற்பாடு இது:

பள்ளி முடிப்பவர்களில் தரவரிசையில் மேலே இருக்கும் எட்டில் ஒரு பங்கு (12.5 சதவீதம்) பேருக்குப் பல்கலைக்கழகத்தில் இடம். மேலே இருக்கும் மூன்றில் ஒரு பங்குக்கு மாநிலக் கல்லூரிகளில் இடம். படித்துப் பயன்பெறக்கூடிய மற்ற எல்லோருக்கும் ஜூனியர் கல்லூரியில் கதவு திறந்தே இருக்கும். அங்கே நன்றாகப் படித்தவர் மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழகத்துக்கு மாறலாம். அப்படி வருபவர்களுக்கு இடம் வேண்டும் என்பதற்காகவே மேல் இரண்டு ஆண்டுகளில் அதிக இருக்கைகள் வைக்கப்பட்டன. முனைவர் பட்டம் பல்கலைக்கழகத்தின் தனியுரிமை. மாநிலக் கல்லூரிகள் வேண்டுமானால் பல்கலைக்கழகத்தோடு கூட்டாகத் தரலாம். மாநிலவாசிகளுக்குக் கற்பிப்புக் கட்டணம் கிடையாது.

ஆளுநர் பாட் பிரவுன் 1960 ஏப்ரலில் இதற்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். அதே ஆண்டு அக்டோபரில் டைம் இதழின் அட்டையில் கெர் முகம். தொழிற்சங்கத்தையும் முதலாளியையும் உட்காரவைத்துப் பேசிய அதே கைப்பக்குவம்தான் இங்கேயும்: யார் எதைத் தொடக் கூடாது என்று எல்லை வகுத்து, ஒவ்வொருவர் கையிலும் ஏதாவது ஒன்றைக் கொடுத்து அனுப்புவது.

அப்படியானால் அது எல்லோருக்குமான சமத்துவத் திட்டம் என்று சொல்லலாமா?

பாதி. புகழுரைகளில் விட்டுப்போகும் ஒரு விவரம் உண்டு. மாஸ்டர் பிளானுக்கு முன்னால் பல்கலைக்கழகம் மேல் 15 சதவீதம் பேரையும் மாநிலக் கல்லூரிகள் ஏறக்குறைய மேல் பாதியையும் சேர்த்துக்கொண்டிருந்தன. திட்டம் அந்த இரண்டு கதவையும் குறுக்கியது. கூடுதல் கூட்டத்தைச் செலவு குறைந்த ஜூனியர் கல்லூரிகளுக்குத் திருப்பியது. சட்டமன்றத்துக்கு அது பிடித்ததற்கு அந்தச் சிக்கனமும் ஒரு காரணம்.

ஏழைப் பிள்ளைகளும் கறுப்பின, மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளும் பெரும்பாலும் கீழ்த்தட்டிலேயே தங்கிப்போனார்கள் என்ற விமர்சனம் பிறகு வந்தது. நியாயமான விமர்சனம். ஆனால் இதையும் சொல்ல வேண்டும்: எந்தப் பிள்ளைக்கும் எங்காவது ஓர் இடம் உண்டு, அதற்குக் கட்டணம் இல்லை என்று ஒரு மாநிலம் வாக்குக் கொடுத்தது. அப்படி வாக்குக் கொடுத்த அரசுகளை அந்தக் காலத்தில் விரல்விட்டு எண்ணலாம்.

புதிய வளாகங்களை அவர்தான் தொடங்கினாரா?

சான் டியேகோ, இர்வைன், சாண்டா க்ரூஸ் மூன்றும் அவர் காலத்தில் உருவானவை. பின் இரண்டும் 1965இல் திறந்தன. அவருக்குப் பிடித்தது சாண்டா க்ரூஸ். ஸ்டான்ஃபோர்டில் அறைத்தோழராக இருந்த டீன் மெக்ஹென்றியை அங்கே சான்சலர் ஆக்கினார். செம்மரக் காட்டுக்குள் சின்னச் சின்ன விடுதிக் கல்லூரிகள், ஒவ்வொன்றும் ஒரு ஸ்வார்த்மோர் மாதிரி, எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய பல்கலைக்கழகம் என்பது கனவு. பெரிய நிறுவனத்தில் மாணவர் தொலைந்துபோகிறார் என்பதை மாணவர்கள் கூச்சல் போடுவதற்கு முன்பே அவர் உணர்ந்திருந்தார்.

'மல்டிவெர்சிட்டி' என்று சொன்னது அவரா? கார் நிறுத்தும் இடம் பற்றிய ஜோக்கும்?

இரண்டும் அவர்தான் பிரபலமாக்கியது. 1963இல் ஹார்வர்டில் ஆற்றிய காட்கின் சொற்பொழிவுகளில், நவீனப் பல்கலைக்கழகம் இனி ஒரே சமூகம் அல்ல, பல சமூகங்கள் ஒரே பெயரில், ஒரே நிர்வாகத்தின் கீழ் வாழும் ஒரு நகரம் என்றார். இளநிலை மாணவர், ஆராய்ச்சியாளர், விவசாயி, ராணுவம், தொழிற்சாலை என எல்லோருக்கும் அதில் பங்கு. தலைவரின் வேலை பெரும்பாலும் இவர்களுக்கிடையில் மத்தியஸ்தம் செய்வதுதான் என்றார்.

ஜோக் இது: வளாகத்தில் நிர்வாகிக்கு மூன்று பெரிய தலைவலிகள். மாணவர்களுக்குக் காமம், பழைய மாணவர்களுக்கு விளையாட்டு, ஆசிரியர்களுக்கு வண்டி நிறுத்த இடம். எந்த நாட்டுப் பேராசிரியரிடம் சொன்னாலும் மூன்றாவதுக்குத்தான் சிரிப்பார்.

மல்டிவெர்சிட்டியை அவர் வர்ணித்தார், முழுதாக மெச்சவில்லை. இளநிலை மாணவர்கள் கவனிப்பாரின்றி விடப்படுகிறார்கள், அவர்கள் கிளர்ந்தெழலாம் என்று அதே சொற்பொழிவுகளில் எச்சரித்தும் இருந்தார். அடுத்த ஆண்டே அது நடந்தது, அதுவும் அவர் வீட்டு வாசலில்.

1964இல் பெர்க்லியில் என்னதான் நடந்தது?

பேன்க்ராஃப்ட் சாலையும் டெலிகிராஃப் சாலையும் சேரும் முனையில், வளாக வாசலில், ஒரு சிறு செங்கல் நடைபாதை. மாணவர்கள் அங்கே மேசை போட்டு, கறுப்பின மக்களின் சிவில் உரிமை இயக்கத்துக்கு நன்கொடை திரட்டுவார்கள், ஆள் சேர்ப்பார்கள். அது நகராட்சி இடம் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். பல்கலைக்கழக இடம் என்று தெரியவந்ததும், 1964 செப்டம்பர் நடுவில் மேசைகளுக்குத் தடை அறிவித்தது வளாக நிர்வாகம். அந்தக் கோடையில் கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதியவைக்க மிசிசிப்பி வரை போய் உயிரைப் பணயம் வைத்துவிட்டு வந்திருந்த மாணவர்களிடம்!

கெர் அப்போது வெளிநாட்டில் இருந்தார். திரும்பி வந்ததும் தடை தவறு என்று அவருக்குப் பட்டது. ஆனால் சான்சலர் எட்வர்ட் ஸ்ட்ராங்கின் முடிவை ரத்து செய்யவில்லை. வளாகங்களுக்கு அதிகாரத்தைப் பகிர்ந்து கொடுத்தவரே தலையிடுவதா என்ற தயக்கம். அதைத் தன் பெரும் பிழைகளில் ஒன்றாகப் பிற்காலத்தில் அவரே எழுதினார்.

அக்டோபர் 1 அன்று மேசை போட்ட ஜாக் வைன்பெர்கைக் கைது செய்து போலீஸ் காரில் ஏற்றினார்கள். மாணவர்கள் காரைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். கார் 32 மணி நேரம் நகரவில்லை. அதன் கூரையே மேடை ஆனது. மறுநாள் கெர் நேரடியாகப் பேசி ஓர் உடன்பாடு கண்டார். அது நிலைக்கவில்லை. டிசம்பர் 2 அன்று மாணவர் தலைவர் மாரியோ சாவியோ, கெரை ஒரு கம்பெனி மேனேஜராகவும் மாணவர்களை அந்த ஆலையின் கச்சாப்பொருளாகவும் வர்ணித்துப் பேசினார். கூட்டம் ஸ்ப்ரவுல் ஹால் என்ற நிர்வாகக் கட்டடத்துக்குள் போய் உட்கார்ந்தது. ஆளுநர் பிரவுன் உத்தரவில் ஏறக்குறைய 800 பேர் கைதானார்கள்.

டிசம்பர் 7 அன்று திறந்தவெளி கிரேக்க அரங்கில் பல ஆயிரம் பேர் முன்னால் கெர் சமரச யோசனைகளை வைத்தார். கூட்டம் முடிந்ததும் சாவியோ ஒலிபெருக்கியை நோக்கி நடந்தார். பல்கலைக்கழகப் போலீஸார் பாய்ந்து அவரை இழுத்துப்போனார்கள். மொத்த அரங்கமும் பார்த்துக்கொண்டிருந்தது. சற்று முன் பேசிய நியாயமெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் காற்றில் போயிற்று. மறுநாள் பேராசிரியர் பேரவை 824க்கு 115 என்ற வாக்கில் மாணவர்களின் முக்கியக் கோரிக்கையை ஆதரித்தது.

கெரின் தொழில் பேரம் பேசிப் பாதி வழியில் சந்திக்கவைப்பது. ஊதியத்தைப் பாதி வழியில் சந்திக்கலாம். பேச்சுரிமையைப் பாதி கொடுப்பது எப்படி? மாணவர்கள் கேட்டது உரிமை என்பதை அவர் தாமதமாகத்தான் புரிந்துகொண்டார் என்பது என் எண்ணம். இத்தனைக்கும் கம்யூனிஸ்ட் பேச்சாளர்கள் வளாகத்துக்குள் வரக் கூடாது என்ற தடையை 1963இல் ரீஜென்ட்களோடு பேசி நீக்கவைத்தவரும் அவரேதான். மாணவர்களுக்கு ஆபத்தில்லாத கருத்துகளைத் தேடுவது பல்கலைக்கழகத்தின் வேலை அல்ல, எந்தக் கருத்தையும் தாங்கும் மாணவர்களை ஆக்குவதே வேலை என்றும் சொல்லியிருந்தார்.

அவரை ரொனால்ட் ரீகன்தான் நீக்கினாரா?

முறைப்படி ரீஜென்ட்கள் நீக்கினார்கள். ஆனால் காற்று அங்கிருந்துதான் அடித்தது. நடிகராக இருந்த ரீகன் 1966 தேர்தலில் பெர்க்லியின் குழப்பத்தைச் சுத்தம் செய்வேன் என்று மேடைதோறும் பேசி ஆளுநர் ஆனார். 1967 ஜனவரியில் பதவி ஏற்றார். ஜனவரி 20 அன்று, அவர் கலந்துகொண்ட முதல் ரீஜென்ட்கள் கூட்டத்திலேயே, 14க்கு 8 வாக்கில் கெர் உடனடியாக நீக்கப்பட்டார். நிதிக் குறைப்பும், மாணவர்களிடம் கட்டணம் வாங்கும் ரீகனின் யோசனையும் அதே நேரத்தில் எழுந்தன. கெர் இரண்டையும் எதிர்த்தவர்.

பதவிக்கு எப்படி வந்தேனோ அப்படியே போகிறேன், உற்சாகத்தோடு வெளியேற்றப்பட்டு என்று சொன்னாராம். ஆங்கிலத்தில் அது சிலேடை: உற்சாகம் பொங்குவதற்கும் வேலை போவதற்கும் அங்கே ஒரே வினைச்சொல்.

எஃப்.பி.ஐ. அவருக்கு எதிராக வேலை செய்தது உண்மையா?

உண்மை. 2002 ஜூனில் சான் பிரான்சிஸ்கோ கிரானிக்கிள் நாளிதழில் செய்தியாளர் சேத் ரோஸன்ஃபெல்ட், பல ஆண்டு வழக்காடிப் பெற்ற ரகசியக் கோப்புகளை வைத்து அதை வெளியிட்டார்.

தொடக்கம் சிரிப்புக்குரியது. 1959இல் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலத் தேர்வில் ஒரு கட்டுரைக் கேள்வி: எஃப்.பி.ஐ. போல ரகசியமாக இயங்கி, பொதுமக்கள் விமர்சனத்துக்குச் செவிசாய்க்காத தேசியப் போலீஸ் அமைப்பால் ஜனநாயகத்துக்கு என்ன ஆபத்து? இயக்குநர் ஜே. எட்கர் ஹூவருக்குக் கோபம் தலைக்கேறியது. பல்கலைக்கழகத்தையே துருவச் சொன்னார். கேள்வியில் கேட்ட ஆபத்துக்கு அவரே விடை எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிற்று.

1964 முடிவில் ஜனாதிபதி ஜான்சன், சுகாதாரம், கல்வி, நலத்துறை அமைச்சராகக் கெரை நியமிக்க நினைத்தார். பின்னணி விசாரணை எஃப்.பி.ஐ. கைக்குப் போனது. பொய் என்று தாங்களே ஏற்கெனவே கண்டறிந்திருந்த பழிகளையும் சேர்த்து அறிக்கை அனுப்பினார்கள். நியமனம் கைவிடப்பட்டது. 1965இல் ஜான் கார்ட்னர் அந்தப் பதவிக்கு வந்தார். கெருக்கு எதிராக இருந்த ரீஜென்ட் எட்வின் பாலிக்கும் எஃப்.பி.ஐ. தகவல் கசியவிட்டது. கெர் இதையெல்லாம் உறுதியாக அறிந்தபோது அவருக்குத் தொண்ணூறு வயது கடந்திருந்தது.

வேலை போன பிறகு என்ன செய்தார்?

சும்மா இருக்கவில்லை. 1967 முதல் 1973 வரை கார்னகி உயர்கல்வி ஆணையத்தின் தலைவர், பிறகு 1979 வரை அதன் வாரிசான கார்னகி குழுவின் தலைவர். அமெரிக்கக் கல்லூரிகளை வகைப்படுத்த இன்றும் பயன்படும் கார்னகி வகைப்பாடு அங்கே பிறந்தது.

இன்னும் பெரிய காரியம் ஒன்று. மத்திய அரசின் உதவிப் பணம் கல்லூரிக்குப் போக வேண்டுமா, ஏழை மாணவர் கைக்கா? கல்லூரித் தலைவர்கள் பலர் தங்கள் கஜானாவுக்குக் கேட்டார்கள். கெரின் ஆணையம் மாணவருக்கு என்றது. 1972 சட்டம் அந்த வழியில் போனது. இன்று பெல் கிராண்ட் என்று அறியப்படும் உதவித்தொகை அதிலிருந்து வந்தது. தலைவர் பதவியில் ஒன்பது ஆண்டில் செய்ததைவிட, பதவி போனபின் அவர் தொட்ட மாணவர் எண்ணிக்கை அதிகம் என்று துணிந்து சொல்லலாம். நடுவர் வேலையையும் விடவில்லை. 1984இல் தபால் ஊழியர் ஊதியத் தகராறில் தீர்ப்புச் சொன்னது அவர் தலைமையிலான குழு.

தனிப்பட்ட முறையில் எப்படி?

கூச்ச சுபாவம், வறண்ட நகைச்சுவை. பச்சை மையில் பொடிப்பொடியாக எழுதுவார். தலைவருக்கான மாளிகைக்குக் குடிபோகாமல் எல் செரிட்டோ குன்றில் சொந்த வீட்டிலேயே இருந்தார். 2003 டிசம்பர் 1 அன்று 92 வயதில் இறந்ததும் அங்கேதான்.

மனைவி கேத்தரின், எல்லோருக்கும் கே. வளைகுடாவை மண் கொட்டி மூடும் திட்டங்களைக் கண்டு பொறுக்காமல், 1961இல் சில்வியா மெக்லாஃப்ளின், எஸ்தர் குலிக் ஆகியோரோடு சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவைக் காக்கும் அமைப்பைத் தொடங்கியவர். இன்று வளைகுடாவில் தண்ணீர் மிஞ்சியிருப்பதில் அந்த மூன்று பெண்களுக்குப் பெரும் பங்கு. கணவரின் திட்டங்களைவிடக் கண்ணால் பார்க்கக்கூடிய சாதனை.

மாஸ்டர் பிளான் இப்போதும் இருக்கிறதா?

சட்டகம் இருக்கிறது, ஷரத்துகள் ஒவ்வொன்றாகத் தேய்ந்துவிட்டன. முதலில் போனது இலவசம். 1970இல் 'கல்விக் கட்டணம்' என்று வேறு பெயரில் உள்ளே வந்தது. இன்று மாநிலவாசியும் பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கு 13,000 டாலருக்கு மேல் கட்ட வேண்டும். குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை பெரும்பாலும் அதை ஈடுகட்டுகிறது, நடுத்தரக் குடும்பம்தான் திணறுகிறது. முனைவர் பட்டத் தனியுரிமையில் 2005இல் முதல் விரிசல்: மாநிலப் பல்கலைக்கழகங்கள் (பழைய மாநிலக் கல்லூரிகள்) கல்வித்துறை முனைவர் பட்டத்தைத் தாமே தர அனுமதி கிடைத்தது. 2014இல் சில சமுதாயக் கல்லூரிகளுக்கு (பழைய ஜூனியர் கல்லூரிகள்) இளநிலைப் பட்டம் தரும் உரிமை. 1960இல் எதை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று கெர் மல்லுக்கட்டினாரோ, அதுவும் பேரப்பொருள்தான் என்று ஆகிவிட்டது.